பெல்ட்டில் இருக்கும் தோட்டாவுக்கு என்ன வயது?

பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரைப் பார்த்தால் எல்லோருக்கும் கண் துப்பாக்கி மேல் போகும். எனக்கு அவர் இடுப்பு பெல்ட் மேல் போகும். தோல் பெல்ட்டில் வரிசையாகச் செருகிய தோட்டாக்கள். சிவப்பு உடம்பு, பித்தளை அடி. அந்தப் பித்தளை மஞ்சளாக இருக்கிறதா, கறுத்துவிட்டதா, விளிம்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் பச்சை பூத்திருக்கும். துப்பாக்கிக்கு மட்டும் எந்தக் குறையும் இருக்காது. எண்ணெய் போட்டு, துணி விட்டு, கட்டைக்குப் பாலிஷ் கூட அடித்திருப்பார்கள்.

நான் பட்டாளத்தில் ஆர்மரர், அதாவது ஆயுதம் பழுதுபார்க்கும் வேலை பார்த்தவன். செகந்திராபாத் இ.எம்.இ. சென்டரில் பயிற்சி, பிறகு ஊர் ஊராக யூனிட்டுகள். ஓய்வு பெற்றபின் ஆஸ்டின் டவுனில் குடியேறி, செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் கூப்பிட்டால் போய் அவர்களுடைய கன்மேன்களுக்கு ஆயுதம் கையாளும் வகுப்பு எடுக்கிறேன். ரிப்பேர் செய்வதில்லை. அதற்கு 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கிய கடை இருக்கிறது. நான் பார்ப்பேன், சொல்வேன், சொன்னதைச் செய்ய வைப்பேன், அவ்வளவுதான்.

எங்கள் ஏரியாவுக்குக் கன்னட அகராதி தொகுத்த கிட்டல் பெயரை வைத்துக் கிட்டல் நகர் என்று மாற்றியாகிவிட்டது. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் விழிப்பார். ஆஸ்டின் டவுன் என்றால்தான் வண்டி நகரும். இங்கேயும், நீலசந்திரா, விவேக் நகர் பக்கமும் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய்கள் நிறைய. வேலூர், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய், அல்சூர் எம்.இ.ஜி. சென்டரில் காலம் கழித்து, பிள்ளைகள் படிப்புக்காக இங்கேயே தங்கிவிட்டவர்கள். வெடிமருந்து இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. முள்கம்பி வேலியை உடைத்து வழி உண்டாக்கும் நீளக் குழாய் வெடியை 1912 வாக்கில் இங்கேதான், மதராஸ் சேப்பர்ஸ் படையிலிருந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கினார். இன்றைக்கும் உலகப் படைகள் அதை ‘பெங்களூர் டார்பிடோ’ என்றே அழைக்கின்றன.

அப்படி ஓய்வு பெற்று வந்தவர்களில் சொந்தமாக லைசென்ஸும் டபுள் பேரலும் வைத்திருப்பவருக்கு கன்மேன் வேலை சுலபமாகக் கிடைக்கும். வெறும் கார்டைவிடச் சம்பளமும் கூடுதல். துப்பாக்கி வாங்கும்போது கூடவே ஒரு பெட்டி தோட்டா வாங்குவார். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு பெல்ட்டில் செருகுவார். அன்றைக்குச் செருகியதுதான்.

ஒருமுறை வகுப்பில் ஒரு பெரியவருடைய பெல்ட்டைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னேன்.

“இது எப்போ வாங்கினீங்கண்ணா?”

“பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது, உஸ்தாத்.”

“பேரப்பிள்ளைங்க இருக்காங்களா?”

“பெரியவன் எட்டாவது படிக்கிறான்.”

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு நான் ஒரு தோட்டாவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, விரலால் தடவிப் பாருங்கள் என்றேன். நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, கட்டை விரலுக்குத் தெரிந்தது.

தோட்டாவைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அடி. பித்தளையின் நடுவே இருக்கிற வட்டம்தான் கேப். அது சுற்றுப் பித்தளையோடு சமமாகவோ, ஒரு மயிரிழை உள்ளடங்கியோ இருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அந்தத் தோட்டா வேண்டாம். துப்பாக்கியை மூடும் வேகத்திலேயே அடிபட்டு வெடிக்க இடமுண்டு. கேப்பைச் சுற்றிப் பச்சையோ கறுப்புக் கறையோ இருந்தால் ஈரமோ எண்ணெயோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது விளிம்பு. எக்ஸ்ட்ராக்டர் பிடித்து வெளியே தள்ளுவது அந்த விளிம்பைத்தான். அது நசுங்கியிருந்தால் சுட்ட பிறகு காலி உறை உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பிறகு உடம்பு. பழைய காகித உறைத் தோட்டா என்றால் ஈரம் குடித்து ஊதும். பிளாஸ்டிக் உறை ஊதாது, ஆனால் பெல்ட் வளையம் அழுத்திய இடத்தில் வருடக்கணக்கில் இறுகி உருமாறும். கடைசியாக வாய். மடித்து மூடிய மடிப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். தினமும் பெல்ட்டில் செருகி, ராத்திரி உருவி, காலையில் மறுபடி செருகினால் மடிப்பு தளர்ந்துவிடும். காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் உள்ளே ஈயச் சில்லுகள் கலகலவென்று பேசும். அப்படிப் பேசும் தோட்டாவை நான் அனுமதிப்பதில்லை.

கடைசிச் சோதனையை ஏஜென்சி அறையில் செய்ய விடமாட்டேன். ரேஞ்சில், பேரல் மண்மேட்டைப் பார்த்திருக்கும்போதுதான். தோட்டாவை சேம்பர் வாயில் வைத்து விரலை எடுத்துவிட வேண்டும். நல்ல தோட்டா தன் எடையிலேயே இறங்கி விளிம்பில் ‘டக்’ என்று உட்காரும். கட்டை விரலால் அழுத்தினால்தான் போகும் என்றால் அதை வெளியே எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். அழுத்தி நுழைத்து மூடுகிற கன்மேன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பு. சுட்டபின் திறக்க வராது. இரண்டாவது குழலிலும் அதே மாதிரித் தோட்டா இருந்தால் கையில் இருப்பது துப்பாக்கி அல்ல, தடி.

நம் நாட்டில் கன்மேன்களிடம் அதிகம் புழங்குவது புனே அருகே கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா. 1869இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அந்தத் தோட்டாவைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. போட்டிக்குச் சுடுகிறவர்கள் ஒரு பெட்டி மாதிரி இன்னொரு பெட்டி இருப்பதில்லை என்று குறைபட்டு, காசு இருந்தால் வெளிநாட்டுச் சரக்கைத் தேடுவார்கள். பறக்கும் களிமண் தட்டைச் சுடுபவருக்கு அந்த நுணுக்கம் தேவைதான். வாசலில் நிற்கும் கன்மேனுக்கு அது பெரிய விஷயமில்லை. புதிதாக வாங்கி, உலர்வாக வைத்து, காலத்தில் மாற்றினால் அது அவருக்குப் போதும். என் அனுபவத்தில் தோட்டா கெட்டுப்போவது தொழிற்சாலையில் கொஞ்சம், பெல்ட்டில் நிறைய.

இதைச் சொல்லும்போது தொழிற்சாலைகளுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். 2014 முதல் 2020 வரை தரக்குறைவான வெடிபொருளால் 960 கோடி ரூபாய் நஷ்டம் என்று ராணுவத்தின் உள் அறிக்கை ஒன்று சொல்வதாக 2020இல் பத்திரிகைகளில் வந்தது. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் அதை மறுத்தது. அடுத்த ஆண்டு, 2021 அக்டோபர் 1ஆம் தேதி, அந்த வாரியத்தையே கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். பீரங்கிக் குண்டு விஷயத்தில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. சிறு ஆயுத ரவுண்டில் எனக்குத் தெரிந்தது ஒன்று. லாட் எண்ணைக் குறித்து வைத்தவன்தான் குறை சொல்ல முடியும். ஒரு ரவுண்டு தகராறு செய்தால் அந்த லாட் முழுவதையும் நிறுத்தி வைத்துவிட்டு மேலே எழுதுவது பட்டாளத்துப் பழக்கம். நம் கன்மேன் லாட் எண் அச்சடித்த பெட்டியை வாங்கிய அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுகிறார். அதனால் என் வகுப்பில் முதல் பாடம் பெட்டியைப் பத்திரப்படுத்துவது. இரண்டாவது, அழியாத மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு தோட்டாவின் உடம்பிலும் வாங்கிய மாதமும் வருடமும் எழுதுவது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கவனம் தானாக வரும். அடியில் கேப், அதற்குள் தட்டினால் தீப்பொறி விடும் ஒரு துளி ரசாயனம். அதற்கு மேல் மருந்து, மருந்துக்கு மேல் வாட் என்ற தடுப்பு, வாட்டுக்கு மேல் ஈயச் சில்லு. ஈயம் கெடாது. மற்றதெல்லாம் கெடும். இன்றைய புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது சும்மா வைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். சிதையும்போது வரும் அமிலம் மேலும் சிதைக்கும். அந்த அமிலத்தை உறிஞ்சிக்கொள்ள டைபினைலமைன் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். அது தீர்ந்துபோனால் சிதைவுக்குக் கடிவாளம் இல்லை. சூடு ஏற ஏற இது வேகமாகும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது ரசாயனத்தில் ஒரு பொதுக் கணக்கு.

நீலகிரியில் குன்னூர் பக்கம் மலை ரயிலில் போனவர்களுக்கு அருவங்காடு ஸ்டேஷன் தெரிந்திருக்கும். அங்கே 1903இல் நிறுவிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் உந்துமருந்து தயாரிக்கிறது. அந்தக் குளிரும் இந்த மருந்துக்குத் தோதுதான். பெங்களூரும் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். சென்னையில் கெடுகிற வேகத்தில் இங்கே கெடாது. ஆனால் நம் ஆட்கள் அந்த வசதியையும் வீணாக்குவார்கள். பெல்ட்டைச் சுருட்டி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்துவார்கள். மேற்குப் பார்த்த கண்ணாடி வாசலில் மதியம் முழுக்க நிற்பார்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் நனைந்த ரெயின்கோட்டுக்கு உள்ளேயே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு டூட்டி பார்ப்பார்கள். தோல் பெல்ட் ஈரத்தைக் குடித்தால் சீக்கிரம் விடாது. தோல் பதனிட்ட ரசாயனமும் ஈரமும் சேர்ந்துதான் பித்தளையில் அந்தப் பச்சை. ராத்திரியில் தோட்டாவை பெல்ட்டிலிருந்து உருவி, மூடியுள்ள டப்பாவில், துப்பாக்கிக்குத் தனியாக, பூட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பாதுகாப்புக்கும் அதுதான் முறை.

ஆயுத பூஜையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் அன்றைக்கு ஆட்டோவிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கன்மேனுடைய துப்பாக்கியும் மேனேஜர் அறையில் மாலையோடு நிற்கும். பக்திக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், நானும் கும்பிடுகிறவன். ஆனால் பேரல் வாயில் வைத்த சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்து கிடக்கும். இரண்டு நாள் விடுமுறை முடிந்து வந்து துடைக்கும்போது அந்த இடத்தில் துரு பிடித்திருக்கும். அதைவிட மோசம், பெல்ட்டையும் பக்கத்தில் வைத்து, தோட்டாவுக்கும் பளபளப்பு வரட்டும் என்று நல்லெண்ணெய் தடவுவது. எண்ணெய் கேப்பின் விளிம்பு வழியாக உள்ளே கசியும். கசிந்த எண்ணெய் கேப் மருந்தைச் செயலிழக்க வைக்கும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் ஊடுருவும் எண்ணெய் இன்னும் வேகமாக அந்தக் காரியத்தைச் செய்யும். தோட்டாவுக்கு எந்த எண்ணெயும் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கலாம், கட்டையில் வையுங்கள். தோட்டாவை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள்.

கெட்ட தோட்டா என்ன செய்யும்? டிரிகரை இழுத்தபின் வரும் சத்தம்தான் சொல்லும்.

‘டிக்’ என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால், உடனே திறந்து பார்க்கக் கை பரபரக்கும். அதுதான் ஆபத்து. கேப் பற்றி, மருந்து தாமதமாகப் பிடிப்பதும் உண்டு. திறந்த துப்பாக்கியில், முகத்துக்கு நேராக அது வெடித்தால் பித்தளை அடியே குண்டாகும். பேரலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். 30 வினாடி என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் ஒரு நிமிடம் என்று சொல்வேன். பதற்றத்தில் இருக்கிறவன் எண்ணும் 30 வினாடி பத்து வினாடிதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வழக்கமான இடிச் சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்றோ ‘பொப்’ என்றோ கேட்டு, தோளில் உதையும் குறைவாக இருந்தால், அதுதான் எனக்கு உண்மையிலேயே பயம். மருந்து பாதிதான் எரிந்திருக்கிறது. வாட்டோ சில்லோ பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். கன்மேன், தோட்டாதான் சரியில்லை என்று அடுத்ததைப் போட்டுச் சுடுவார். பன்னிரண்டு போர் தோட்டாவுக்கு அனுமதித்த அழுத்தத்தின் உச்சம் 740 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 740 மடங்கு. அந்த அழுத்தத்தில் வருகிற சரக்கு அடைப்பில் மோதும் இடத்தில் பேரல் மோதிரம் போட்டது போல வீங்கும், இல்லையென்றால் கிழியும். கிழியும் இடம் பெரும்பாலும் இடது கை பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அதனால் சத்தம் குறைந்தால் நிறுத்து, இறக்கு, பேரலைக் கழற்றி வெளிச்சத்தைப் பார். வட்டமாக வெளிச்சம் தெரியாதவரை அடுத்த தோட்டாவைத் தொடாதே. வகுப்பில் இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்ல வைப்பேன்.

அளவு விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. தோட்டா மேல் 70 மி.மீ. என்று எழுதியிருப்பது சுட்டபின் மடிப்பு விரிந்த நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. அதனால் 65 மி.மீ. சேம்பர் உள்ள பழைய துப்பாக்கியிலும் அது அழகாக உட்காரும், மூடும், ஒன்றும் தெரியாது. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் நெருக்கி அழுத்தம் ஏறும். தாத்தா காலத்து இங்கிலாந்து, பெல்ஜியம் துப்பாக்கிகளை லைசென்ஸ் மாற்றி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சேம்பர் நீளம் பெரும்பாலும் பேரலின் அடியில் பொறித்திருக்கும். பொறிக்கவில்லை என்றால் லைசென்ஸ் கடையில் அளந்து சொல்வார்கள்.

பன்னிரண்டு போர் தோட்டாவும் இருபது போர் தோட்டாவும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது. இருபது போர் தோட்டா சிறியது. தவறிப்போய் பன்னிரண்டு போர் குழலில் விழுந்தால் சேம்பர் தாண்டும் இடத்தில் விளிம்பு மாட்டி நின்றுவிடும். பின்னாலிருந்து அவசரத்தில் பார்ப்பவருக்குச் சேம்பர் காலி என்று தோன்றும். இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் இரண்டும் ஒன்றாக வெடிக்கும். இருபது போர் தோட்டாவை உலகமெங்கும் மஞ்சள் நிறத்தில் செய்வதற்குக் காரணம் இதுதான். கன்மேன் ஒரு துப்பாக்கிக்காரர், அவருக்கு இந்தக் குழப்பம் வராது. குடகுப் பக்கம் வீட்டுக்கு வீடு பல துப்பாக்கி இருக்கிற குடும்பங்களில் வரும். அங்கே குடவர்களுக்கு லைசென்ஸ் விலக்கே உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கைல்பொத் பண்டிகையில் ஆயுதங்களை வைத்துக் கும்பிடுவார்கள். துப்பாக்கியை அவ்வளவு மதிக்கிற வீடுகளிலும் அலமாரியில் கலந்து கிடக்கும் தோட்டாக்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

இனி கை. தோட்டா நன்றாக இருந்து கை சரியில்லை என்றாலும் முடிவு ஒன்றுதான்.

பட்டாள ரேஞ்சில் சுட்டு முடிந்ததும் ‘காலி கர்’, பிறகு ‘ஜாஞ்ச் சஸ்த்ர’. ஒவ்வொருவருடைய சேம்பரையும் இன்னொருவர் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர முடியும். காலி உறையை ‘கோக்கா’ என்போம். சுட்ட எண்ணிக்கையும் கோக்கா எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் புல்லுக்குள் எல்லோரும் உட்கார்ந்து தேட வேண்டியதுதான், சாப்பாடு அப்புறம். அதே ஆள் சிவில் உடுப்புக்கு மாறினதும் இது எல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. ஷிப்ட் மாறும்போது துப்பாக்கியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்.

கால் வலித்தால் பேரல் வாயின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் மேல் நாடியைச் சாய்த்து நிற்கும் கன்மேனை இந்த ஊரில் யார்தான் பார்த்ததில்லை? கேட்டால், “லாக் போட்டிருக்கேன் உஸ்தாத்” என்பார். டபுள் பேரலில் பெரும்பாலும் அந்த லாக் தடுப்பது டிரிகரை மட்டும். உள்ளே ஏற்றி நிற்கும் ஹாமர் அப்படியேதான் இருக்கும். பழைய துப்பாக்கியில் தேய்ந்த பல்லோடு அது நிற்கும்போது கீழே விழுந்தால் போதும், லாக் போட்டபடியே வெடிக்கும். லாக்கை நான் மதிக்கிறேன், நம்புவதில்லை. பேரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டுமே நம்புகிறேன்.

பேரல் பார்க்கும் திசையில் இலக்கோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே இருந்த சுடுதளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தளத்துக்கு வெளியே ஊருக்குள் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். பயிற்சி பெற்ற படை, அரசாங்கத் தளம், குன்றுகள் சூழ்ந்த இடம். அங்கேயே அப்படி என்றால், மார்க்கெட் வாசலில் எஸ்.ஜி. தோட்டா போட்ட துப்பாக்கியோடு நிற்பவருக்கு முன்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எஸ்.ஜி., எல்.ஜி. எல்லாம் பெரிய சில்லுகள், விரிந்து போகும். ஒன்று குறியில் பட்டாலும் மற்றவை எங்கே போகும் என்பது சுட்டவருக்குத் தெரியாது. ஜான்சன் மார்க்கெட் பக்கம் சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் சரியாகச் சுடக்கூடிய கோணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கன்மேனுக்கு நான் கற்றுத் தருவதில் பாதி, சுடாமல் இருப்பது.

கல்யாண வீட்டில், கட்சி ஊர்வலத்தில் ‘ஒண்ணு மேலே போடுங்கண்ணே’ என்று யாராவது கேட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு கொண்டாட்டத்துக்கு அஜாக்கிரதையாகச் சுடுவது இரண்டு வருடச் சிறை வரை போகும் குற்றம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

பணத்துக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எல்லாச் சிக்கலும் அங்கேதான். துப்பாக்கி கன்மேனுடையது, லைசென்ஸ் அவர் பேரில், தோட்டாவும் அவர் காசில். வேலை வாங்குகிற இடத்துக்கு வாசலில் ஒரு துப்பாக்கி தெரிந்தால் போதும். ஒரு ஏஜென்சியில் தோட்டாவை மாற்றச் செலவு கேட்டபோது, “இதுவரைக்கும் ஒரு தடவைகூடச் சுடலையே, அப்புறம் எதுக்குப் புதுசு?” என்று என்னிடம் கேட்டார்கள். தீயணைப்புக் கருவியைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதில் மறுபடி நிரப்பும் தேதி ஒட்டியிருக்கும், ஆடிட்டில் பார்ப்பார்கள், தேதி தாண்டினால் திட்டு விழும். கன்மேனுடைய பெல்ட்டையும் அந்த ஆடிட்டில் பார்க்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

வழி ஒன்றும் கடினம் இல்லை. பல பேங்குகளில் வருடத்துக்கு ஒருமுறை ரேஞ்சில் சுடும் பயிற்சி வைக்கிறார்கள். அன்றைக்குப் பெட்டியில் இருந்து புதுத் தோட்டாவை எடுத்துச் சுட்டுவிட்டு, பழைய பெல்ட்டோடு டூட்டிக்குத் திரும்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. தலைகீழாகச் செய்ய வேண்டும். பெல்ட்டில் இருப்பதை எடுத்து, நான் மேலே சொன்ன வரிசையில் பார்த்து, தேறியதை ரேஞ்சில் சுட வேண்டும். புதியதை பெல்ட்டில் செருகி, தேதி எழுதிக்கொள்ள வேண்டும். தேறாததைச் சுடவே கூடாது, அதை லைசென்ஸ் கடையில் ஒப்படைத்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் தோட்டா எப்போதும் ஒரு வருடத்துக்கு மேல் பழையதாகாது. தன் துப்பாக்கி உண்மையிலேயே எப்படி உதைக்கும், தன் தோட்டா எப்படிச் சத்தம் போடும் என்றும் கன்மேனுக்குத் தெரியும். அந்தச் சத்தம் தெரிந்தவருக்குத்தான் ‘பொப்’ வித்தியாசமாகக் கேட்கும். செலவை வேலை வாங்குகிறவர் ஏற்க வேண்டும். கன்மேன் சம்பளத்தில் கைவைப்பது நியாயமில்லை.

சுட்டு முடித்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ, பிஸ்கட். கையில் இருப்பது ஈயம்.

கன்மேன்களை விட்டுவிட்டு, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் பழைய பட்டாளக் குடும்பங்களும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் நிறைய. வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டும்போது பரண் மேல் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் தோட்டாக்கள் கிடைக்கும். ஒன்றிரண்டு தடவை என்னையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். காகித உறை, வயிறு ஊதியது, திறந்தால் புளித்த வாடை. அப்படிக் கிடைத்தால் குலுக்காதீர்கள், திறக்காதீர்கள், ஷோகேஸில் வைக்காதீர்கள். குப்பை வண்டியில் போட்டால் அழுத்தும் இயந்திரத்தில் அது வெடிக்கும், எரித்தாலும் வெடிக்கும். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கியையும் தோட்டாவையும் வாரிசுகள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வேண்டுமானால் பிறகு உங்கள் பேரில் விண்ணப்பிக்கலாம். பெட்டியை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, முதலில் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்கள். அவர்கள் வந்து எடுத்துப்போவார்கள்.